நாள் வாங்கப் போனவர்கள்

கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டின் ஏலத்தைத் தள்ளிவைக்க ஒரு வாக்கியம் போதும். நீதிமன்ற வாசல் போன்ற ஒரு பொது இடத்தில் ஏலக்காரர் வந்து நிற்பார். கையில் உள்ள தாளிலிருந்து முகவரிகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். சில வீடுகளுக்கு விலை கேட்பார். சிலவற்றுக்கு, இந்த ஏலம் இன்ன தேதிக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்று வாயால் அறிவித்துவிட்டு அடுத்த முகவரிக்குப் போய்விடுவார். சட்டம் அதை ஏற்கிறது. 2008க்கும் 2012க்கும் இடையில், தங்கள் முகவரியை அடுத்து அந்த வாக்கியம் வரவேண்டும் என்பதற்காக எத்தனையோ குடும்பங்கள் மாதக்கணக்கில் ஃபேக்ஸ் அனுப்பின. தொலைபேசியில் காத்துக் கிடந்தன. அதே சம்பளச் சீட்டை நான்காவது முறையாக நகலெடுத்துக் கொடுத்தன.

அந்த வாக்கியத்தைப் பெற அவர்கள் பிடித்த வழிகளுள் ஒன்று ஷார்ட் சேல். கடன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு, கடன் கொடுத்தவரின் சம்மதத்தோடு வீட்டை விற்பதற்கு அமெரிக்காவில் அப்படிப் பெயர். வாங்க ஒருவர் வந்துவிட்டார், கொஞ்சம் பொறுங்கள் என்று வங்கியிடம் கேட்பது அதன் நடைமுறை உருவம். கேட்ட பலருக்கு முதல் தேவை நாள்தான். அந்த ஆண்டுகளின் வீட்டுக் கடன் நெருக்கடியின் சட்டங்களையும் தீர்ப்புகளையும் படித்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு இது: நாள் வாங்கும் கருவியாக ஷார்ட் சேல் மிகப் பலவீனமானது. அதனால் கிடைக்கக்கூடிய பெரிய பயன் வேறொன்று. விற்ற பிறகும் எஞ்சும் கடனிலிருந்து எழுத்துபூர்வமான விடுதலை. ஏலத் தேதியைப் பார்த்துக்கொண்டே ஓடியவர்களுக்கு அந்த எழுத்தைப் படிக்க அவகாசமே தரப்படவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேஸ்-ஷில்லர் குறியீட்டின்படி அமெரிக்க வீட்டு விலை 2006இல் உச்சத்தைத் தொட்டு, 2012 தொடக்கத்துக்குள் நாடு முழுவதற்குமான கணக்கில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. லாஸ் வேகஸில் வீழ்ச்சி சுமார் 60 சதவீதம். 2009 இறுதியில், கோர்லாஜிக் நிறுவனத்தின் கணக்குப்படி, 1.1 கோடிக்கு மேற்பட்ட வீடுகள் அவற்றின் மேல் இருந்த கடனைவிட மதிப்புக் குறைந்து நின்றன. அடமானக் கடன் உள்ள நான்கு வீடுகளில் ஏறத்தாழ ஒன்று. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், விற்றாலும் கடனுக்குக் காணாது. வேலை போனவர், விவாகரத்தானவர், வேறு ஊருக்கு மாற்றலானவர் என்று சாதாரண காலத்தில் வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டுப் போயிருக்கக்கூடியவர்களும் அந்தக் கதவு மூடிக் கிடப்பதைக் கண்டார்கள்.

இவர்கள் ஏன் நாள் கேட்டார்கள் என்பதைக் கொச்சையாகப் பேசிய குரல்கள் அப்போது நிறைய. கடனைக் கட்டாமல் இலவசமாகக் குடியிருக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். ஆனால் நான்கு மாதம் கிடைத்தால் பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும். வாடகை வீட்டுக்கு முன்பணம் சேரும். தவணையைக் குறைக்கக் கேட்டுப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வரலாம். புது வேலை அமையலாம். வீட்டை இழக்கப்போகும் குடும்பத்துக்கு நாள் என்பது பணத்தின் இன்னொரு வடிவம். அதைக் கேட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாள் எவ்வளவு கிடைக்கும் என்பது வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டெக்சாஸில் வீட்டுக் கடன் தவணை தவறினால், பாக்கியைத் தீர்க்க 20 நாள் அறிவிப்பு. அதன்பின் 21 நாள் ஏல அறிவிப்பு. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஏலம். நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய அவசியமே பொதுவாக இல்லை. கலிஃபோர்னியாவிலும் பெரும்பாலும் நீதிமன்றம் கிடையாது, ஆனால் தவணை தவறியதைப் பதிவுசெய்தபின் மூன்று மாதம், பிறகு ஏல அறிவிப்புக்குக் குறைந்தது 20 நாள். நியூயார்க், நியூஜெர்சி, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் வங்கி வழக்குத் தொடுத்துத் தீர்ப்பு வாங்கவேண்டும். நெருக்கடியின் உச்சத்தில் அதற்கு ஆண்டுகள் ஆயின. ஷார்ட் சேலுக்கு ஒப்புதல் கிடைக்கவோ பல மாதங்கள் ஆகும். டெக்சாஸ்காரர் வாங்குபவரைத் தேடி முடிப்பதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிடும். நியூயார்க்காரருக்கு ஷார்ட் சேல் இல்லாமலேயே நாள் இருக்கிறது. நாள் தேவைப்பட்டவருக்கு அது உதவவில்லை, உதவக்கூடிய இடத்தில் அதற்குத் தேவை குறைவு.

ஒப்புதலுக்கு ஏன் இத்தனை மாதம்? இதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. அமைப்பு அந்தக் காலத்துக்கு மிகச் சாதாரணமானது. வீட்டு ஜப்தியில் நாட்டிலேயே முன்வரிசையில் நின்று, 2012 ஜூனில் நகராட்சியே திவால் மனு போட்ட கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரம். 2006இல் 4 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு. முதல் அடமானம் 3,20,000 டாலர், இரண்டாம் அடமானம் 80,000. கையிலிருந்து போட்ட பணம் இல்லை. அடமானக் காப்பீட்டுச் செலவைத் தவிர்க்க இப்படி இரண்டு கடனாகப் பிரித்துக் கொடுப்பது அப்போதைய வழக்கம். இப்போது ஒருவர் 1,80,000 டாலர் தர முன்வருகிறார். தரகு 6 சதவீதம் என்றால் 10,800 போகும். வரி, பத்திரச் செலவுக்கு 4,000 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் அடமானக்காரருக்கு 6,000 கொடுத்தால், முதல் அடமானக்காரர் கைக்கு வருவது 1,59,200. அவருக்கு நட்டம் 1,60,800. இரண்டாமவருக்கு நட்டம் 74,000.

இரண்டாமவர் ஏன் சம்மதிக்கவேண்டும்? ஏலம் போனால் அவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே கிடைக்காது, ஆகையால் 6,000 லாபம்தான். ஆனால் அவர் கையெழுத்துப் போடாமல் விற்பனை நடக்காது, அதுவே அவருடைய பலம். 6,000 போதாது, 15,000 கொடு என்பார். முதலாமவர் மறுப்பார். இந்த இழுபறி நடக்கும்போது ஏல நாள் நெருங்கும். அந்த இரண்டாம் அடமானங்களில் கணிசமான பகுதி நாட்டின் மிகப் பெரிய நான்கு வங்கிகளின் கணக்கில் இருந்தது. அவற்றின் நட்டத்தை ஒப்புக்கொண்டு எழுதித் தள்ளுங்கள் என்று 2010 மார்ச்சில் நாடாளுமன்றக் கீழவையின் நிதிக் குழுத் தலைவர் பார்னி ஃபிராங்க் அந்த வங்கித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதவேண்டி வந்தது.

முதல் அடமானக்காரர் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அவர் யார் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. மாதாமாதம் பணம் கட்டும் நிறுவனம் கடனின் உரிமையாளராக இருக்கவேண்டியதில்லை. பல நேரங்களில் அது வசூல் செய்துகொடுக்கும் நிறுவனம் மட்டுமே. கடன் ஓர் அறக்கட்டளைக்குள் கட்டிவைக்கப்பட்டு, அதன் பத்திரங்கள் உலகெங்கும் விற்கப்பட்டிருக்கும். நடுவில் காப்பீட்டு நிறுவனம் வேறு இருக்கலாம். இத்தனை பேரும் தனித்தனியே சரி என்று சொல்லவேண்டும். ஆடம் லெவிடின், டாரா டூமி என்ற இரண்டு சட்ட அறிஞர்கள் 2011இல் எழுதிய ஆய்வு இந்த வசூல் நிறுவனங்களின் வரவுசெலவைப் பிரித்துக் காட்டியது. தவணை தவறிய கடனுக்காக அவை தம் கையிலிருந்து போட்ட பணம், தாமதக் கட்டணங்கள் எல்லாம் வீடு ஏலம் போய்ப் பணம் வந்தவுடன் முதல் ஆளாக எடுத்துக்கொள்ளக் கிடைத்துவிடும். முதலீட்டாளருக்கு எது நட்டமோ அது வசூல்காரருக்கும் நட்டமாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. அவசரமில்லாத ஒருவரிடம் அவசரத்தில் உள்ளவர் போய் நின்றார் என்பதுதான் நிலைமை.

இதற்கெல்லாம் மேலே, ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு கோப்புகள் ஓடின. ஷார்ட் சேல் விண்ணப்பம் ஒரு பிரிவில். ஏல நடவடிக்கை இன்னொரு பிரிவில், அல்லது வெளியே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில். முதல் பிரிவு, வருமான வரிக் கணக்கையும் இரண்டு மாத வங்கிக் கணக்கையும் கஷ்டநிலையை விளக்கும் கடிதத்தையும் கேட்டுக்கொண்டிருக்கும். உள்ளூர் முகவர் ஒருவரை அனுப்பி வீட்டுக்கு விலை மதிப்புப் போட்டுக்கொண்டிருக்கும். அதே வாரம் இரண்டாம் பிரிவு ஏல நாளைக் குறித்துவிடும். இரட்டைத் தடம் என்று இதற்குப் பெயரே விழுந்தது. விற்பனைக்கு எல்லாம் தயாரான நிலையில் வீடு ஏலத்தில் போன சம்பவங்கள் இதனால் நடந்தவை. ஒப்புதலுக்காகக் காத்திருந்த வாங்குபவரும் அலுத்துப்போய் வேறு வீடு பார்க்கப் போய்விடுவார். புதிதாக ஒருவர் வந்தால் விண்ணப்பம் முதலிலிருந்து தொடங்கும். கொடுத்த ஆவணங்களுக்கும் வயதாகிவிடும், சம்பளச் சீட்டைப் புதிதாகக் கேட்பார்கள். பாக்கியில்லாமல் கட்டிக்கொண்டிருந்தவர்களிடம், தவணை தவறினால்தான் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கமுடியும் என்று சொல்லப்பட்டதாகவும் அந்த ஆண்டுகளில் புகார்கள் குவிந்தன. காப்பாற்றிக்கொள்ள வந்தவரைக் கிணற்றில் இறங்கச் சொல்லிவிட்டுக் கயிற்றைத் தேடப் போவதற்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

நாளை நேரடியாகவே கொடுக்க முடியாதா? அமெரிக்காவே ஒருமுறை கொடுத்திருக்கிறது. 1933இல் மினசோட்டா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. ஏலம் போன வீட்டை மீட்டுக்கொள்ளும் கெடுவை, அதிகபட்சம் 1935 மே 1 வரை நீதிமன்றம் நீட்டிக்கலாம். அதுவரை குடியிருப்பவர் நியாயமான வாடகை கட்டவேண்டும். மினியாபொலிஸில் ஒரு தம்பதியின் வீட்டுக்கு நீதிமன்றம் நிர்ணயித்த தொகை மாதம் 40 டாலர். கடன் கொடுத்த சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1934 ஜனவரியில், தலைமை நீதிபதி சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ் எழுதிய தீர்ப்பில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது நீதிமன்றம். பிளெய்ஸ்டெல் வழக்கு என்று அது இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. அந்தச் சட்டம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. அண்டை மாநிலமான அயோவாவில், லெ மார்ஸ் என்ற ஊரில், ஜப்தி உத்தரவுகளில் கையெழுத்திடமாட்டேன் என்று உறுதி கூற மறுத்த நீதிபதியை 1933 ஏப்ரலில் விவசாயிகள் நீதிமன்றத்திலிருந்து இழுத்துச் சென்று கழுத்தில் கயிறு மாட்டும் அளவுக்குக் கோபம் மூண்டிருந்த காலம் அது. அந்த வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தத் தலைமுறையில் நாள் என்பது அரசியல் கோரிக்கையாக எழுந்தது, சட்டமாகக் கிடைத்தது, வாடகையும் கெடுவும் அதில் தெளிவாக இருந்தன. 2009இல் அதே நாளை ஒவ்வொரு குடும்பமும் தனியாக, ஒரு விண்ணப்பத்தின் இடுக்கிலிருந்து பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது.

2009க்குப் பிறகு விதிகள் வரத்தான் செய்தன. ஹாஃபா என்று சுருக்கமாக அறியப்பட்ட நடுவண் அரசுத் திட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. விலையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, விற்க அவகாசம் கொடுத்து, அந்த அவகாசத்தில் ஏலத்தை முடிக்கக்கூடாது என்றும், விற்பனை முடிந்ததும் மிச்சக் கடனை முழுமையாக விட்டுவிடவேண்டும் என்றும் அது சொன்னது. நாளையும் விடுதலையையும் ஒன்றாகக் கட்டிய நல்ல அமைப்பு. ஆனால் தகுதி வரம்புகளும் இரண்டாம் அடமானக்காரருக்கான உச்சவரம்பும் பலரை வெளியே நிறுத்தின. 2012 பிப்ரவரியில் ஐந்து பெரும் வசூல் நிறுவனங்களுடன் 49 மாநிலங்களும் நடுவண் அரசும் செய்துகொண்ட 2,500 கோடி டாலர் உடன்பாடு இரட்டைத் தடத்தைக் கட்டுப்படுத்தியது. அந்த உடன்பாட்டின் கண்காணிப்பாளர் அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட முதல் அறிக்கையைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தத்தைச் சொல்லவேண்டும். அதுவரை வழங்கப்பட்ட நிவாரணம் என்று நிறுவனங்கள் காட்டிய 1,056 கோடி டாலரில் சுமார் 867 கோடி ஷார்ட் சேல். அசல் கடனைக் குறைத்து வீட்டில் இருக்கவிடுவார்கள் என்று எதிர்பார்த்து மக்கள் அந்த உடன்பாட்டை வரவேற்றார்கள். முதலில் வந்து சேர்ந்த நிவாரணத்தின் பெரும்பகுதி, வீட்டைவிட்டு வெளியேறியவர்களின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது.

கலிஃபோர்னியாவின் வீட்டுரிமையாளர் உரிமைச் சட்டம் 2013 ஜனவரி 1 முதல் அமலானது. பெயர் பெரிது. அன்றைய வாசகத்தைப் படித்தால், தவணையைத் திருத்தக் கேட்டு முழுமையான விண்ணப்பம் போட்டவருக்கு, பதில் வரும்வரை ஏலம் நிற்கும். ஷார்ட் சேல் கேட்டவருக்கு அப்படி இல்லை. முதல் அடமானக்காரர், பிற அடமானக்காரர்கள், காப்பீட்டு நிறுவனம் எல்லோரும் எழுத்தில் ஒப்புக்கொண்டு, வாங்குபவரிடம் பணம் இருப்பதற்கான அத்தாட்சியும் கொடுத்த பிறகுதான் ஏலம் நிற்கும். எல்லோரும் கையெழுத்திட்ட பிறகு பாதுகாப்பு யாருக்கு வேண்டும்? அந்தக் கையெழுத்துகளுக்காக அலையும் மாதங்களில்தானே வீடு போகிறது.

இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் விதி. 2014 ஜனவரி 10 முதல், 120 நாளுக்கு மேல் பாக்கி நின்றாலொழிய ஜப்தியின் முதல் அடியை எடுத்துவைக்க முடியாது. ஏலத்துக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போது முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், அதைப் பரிசீலித்து முடிக்காமல் ஏலம் நடத்தக்கூடாது. ஷார்ட் சேலும் இதில் அடக்கம். விற்க அவகாசம் கொடுத்து ஒப்புக்கொண்டால் அந்த அவகாசம் முடியும்வரை காத்திருக்கவேண்டும். இதில் முழுமையான என்ற சொல்லே எல்லாம். ஒரு தாள் குறைந்தாலும் அது முழுமையில்லை. வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டதோ, விலைபேசி ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதோ இந்த விதியின்கீழ் எந்த ஏலத்தையும் நிறுத்தாது. முன்னும் நிறுத்தியதில்லை.

இனி மிச்சக் கடன். ஸ்டாக்டன் கணக்கில் 1,60,800 டாலரும் 74,000 டாலரும் தொங்கி நின்றன அல்லவா, அவற்றை யார் கட்டுவது? இங்கேதான் பலர் சறுக்கினார்கள். கலிஃபோர்னியாவில் நீதிமன்றத்துக்கு வெளியே ஏலம் விட்ட வங்கி, ஏலத் தொகை போதவில்லை என்று அந்தக் கடனுக்காகக் கடன்காரர்மேல் பாயமுடியாது. பெருமந்தக் காலத்திலிருந்தே வரும் பாதுகாப்பு அது. ஷார்ட் சேல் ஏலம் ஆகாது, அது விற்பனை. ஆகவே, பேர் கெடாமல் கௌரவமாக விற்றுவிட்டுப் போகலாம் என்று ஏலத்தைத் தவிர்த்தவர், ஏலம் போயிருந்தால் தனக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பைத் தானே கையெழுத்திட்டு இழக்கும் ஆபத்து இருந்தது. ஒப்புதல் கடிதத்தின் நடுவே ஓரிடத்தில், மிச்சத்துக்குக் கடன்காரரே பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். அடமானத்தை விடுவிக்கிறோம் என்ற வரியைப் படித்துக் கடனையே விடுவித்ததாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. இரண்டும் வேறு. முன்னது வீட்டின் மேல் உள்ள பிடியை மட்டும் எடுப்பது.

மாநிலச் சட்டமன்றம் இதைத் திருத்தியது. 2011 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஷார்ட் சேலுக்குச் சம்மதித்த முதல் அடமானக்காரர் மிச்சத்தைக் கேட்கமுடியாது என்றது. அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு சட்டம் அதை இரண்டாம் அடமானக்காரருக்கும் விரித்தது. மற்ற மாநிலங்கள் பலவற்றில் இன்றும் கடிதத்தின் வாசகமே கதி.

வரி இன்னொரு வாசல். விட்டுக்கொடுத்த கடனை அமெரிக்க வருமான வரிச் சட்டம் வருமானமாகப் பார்க்கிறது. வீட்டை இழந்த ஒருவர், கையில் வராத பணத்துக்கு வரி கட்டவேண்டும். 2007 டிசம்பர் 20 அன்று கையெழுத்தான சட்டம், குடியிருக்கும் வீட்டின் கடனில் 20 லட்சம் டாலர் வரை இதற்கு விலக்கு அளித்தது. ஆனால் அது தற்காலிகச் சட்டம்; திரும்பத் திரும்பக் கெடு முடிந்தது, திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். 2013 இறுதியில் காலாவதியானது, 2014 டிசம்பர் 19 அன்றுதான் முன்தேதியிட்டு நீட்டிக்கப்பட்டது. 2014 வசந்தத்தில் வீட்டை விற்றவர், தனக்கு வரி உண்டா இல்லையா என்று தெரியாமலே கிறிஸ்துமஸ் வரை வாழ்ந்தார்.

ஏலத்தைவிட ஷார்ட் சேல் மேலானது என்பதற்குச் சொல்லப்படும் மற்றொரு காரணம் கடன் வரலாறு. கடன் மதிப்பெண் போடும் ஃபைகோ நிறுவனம் 2011இல் வெளியிட்ட ஒப்பீட்டில், மிச்சக் கடன் பதிவாகாமல் முடிந்த ஷார்ட் சேலுக்குத்தான் மதிப்பெண் சரிவு கொஞ்சம் குறைவு. மிச்சம் பதிவானால் ஏலத்துக்கும் அதற்கும் வேறுபாடில்லை. ஃபேனி மே என்ற அடமான நிறுவனத்தின் விதிப்படி மறுபடி வீட்டுக் கடன் வாங்க, ஏலம் போனவர் ஏழு ஆண்டும் ஷார்ட் சேல் செய்தவர் நான்கு ஆண்டும் பொதுவாகக் காத்திருக்கவேண்டும். இது நிஜமான லாபம். நாளைத் தேடி வந்தவர்களில் எத்தனை பேரிடம் இதை யாராவது உட்கார்ந்து விளக்கினார்கள்? விளக்குகிறேன் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடியவர்கள் பெருகியதால், பலன் கிடைக்கும் முன் கட்டணம் வாங்குவதையே நடுவண் வணிக ஆணையம் 2011 தொடக்கத்திலிருந்து தடைசெய்ய நேர்ந்தது.

சான் டியாகோவில் ஒரு பெண்மணி 2005இல் கடன் வாங்கி அடுக்ககத்தில் ஒரு வீடு வாங்கினார். தவணை தவறியது, ஜப்தி நடவடிக்கை தொடங்கியது. 2010இல் 4 லட்சம் டாலருக்கு வாங்க ஒருவர் வந்தார். வங்கி சம்மதித்தது, மிச்சத்துக்கு அவரே பொறுப்பு என்று கடிதத்தில் எழுதியிருந்தது. அவர் விற்றார், வீட்டைவிட்டுப் போனார். பிறகு ஒரு லட்சம் டாலருக்கு மேல் கேட்டு வசூல் கடிதம் வந்தது. மிச்சக் கடனைக் கேட்கத் தடைவிதித்த 2011ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன்பே விற்பனை முடிந்துவிட்டதால் அது அவருக்கு உதவவில்லை. அவர் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் வங்கியின் பக்கம் நின்றது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வீடு வாங்குவதற்காகவே கொடுத்த கடனுக்கு உள்ள பழைய பாதுகாப்பு ஷார்ட் சேலுக்கும் பொருந்தும், அதைக் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்கவும் முடியாது என்று கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2016 ஜனவரியில். வீட்டைவிட்டு வெளியேறியபின் அவர் அந்த வீட்டின் கடனோடு வாழ்ந்தது ஐந்து ஆண்டுக்கும் மேல்.